மோசெல் பள்ளத்தாக்கின் ஒயின்: ஆணை, சுங்கம், சர்க்கரை

1859இல் வெளிவந்த 'அரசியல் பொருளாதார விமர்சனத்திற்கு ஒரு பங்களிப்பு' நூலின் முன்னுரையை மார்க்சியம் பயின்ற பலரும் வாசித்திருப்பர். பொருளாதாரச் சிக்கல்களின் பக்கம் தம்மை முதன்முதலில் திருப்பியவை என மார்க்ஸ் அதில் கூறுபவற்றுள் இரண்டு முதன்மையானவை: விறகுத் திருட்டுச் சட்டம் பற்றிய விவாதம், மோசெல் உழவர்களின் நிலை. வன உரிமை பற்றிப் பேசும் கருத்தரங்குகளில் முன்னது அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. பின்னதைப் பெரும்பாலும் பெயரளவில் கடந்துவிடுகிறோம். அந்த உழவர்கள் திராட்சை பயிரிட்டவர்கள். எந்தத் திராட்சை, எத்தகைய ஒயின், அது ஏன் விலைபோகவில்லை என்பவற்றை அறியாமல் அவர்களுடைய துயரத்தை விளங்கிக்கொள்ள இயலாது.

மோசெல், பிரான்சின் வோஜ் மலையில் தோன்றி, லக்சம்பர்க் எல்லையைத் தொட்டு, டிரியர் நகரைக் கடந்து, கோப்லென்ஸில் ரைன் ஆற்றோடு கலக்கிறது. டிரியருக்குக் கீழே ஆறு பாம்புபோல் வளைந்து நெளிகிறது. ஒவ்வொரு வளைவிலும் கற்பலகைப் பாறைகளாலான செங்குத்துச் சரிவுகள் தெற்கு நோக்கி எழுகின்றன. குளிர் மிகுந்த அந்த வடபுலத்தில் பாறை பகல் வெப்பத்தைத் தாங்கி நிற்க, தாமதமாகக் கனியும் ரீஸ்லிங் திராட்சை அங்கே பழுக்கிறது. குறைந்த ஆல்கஹாலும் கூர்மையான புளிப்பும் மெல்லிய இனிப்பும் கொண்ட ஒயின் பிறக்கிறது. ஒயின் நூல்கள் தரும் விளக்கம் இது. பிழையானதன்று, ஆனால் பாறையும் வெயிலும் ரோமானியர் காலந்தொட்டு அங்கேதான் இருக்கின்றன. ரீஸ்லிங் அந்தப் பள்ளத்தாக்கின் அடையாளமாகி இரண்டு நூற்றாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகிறது. இனிப்பு அதனினும் இளையது.

ரோமானியர் காலத்துக்குச் சான்றுகள் குறைவில்லை. ஏறத்தாழ கி.பி. 371இல் ஔசோனியஸ் இந்த ஆற்றைப் பற்றி இலத்தீனில் ஒரு நெடும்பாடல் இயற்றினார். நோய்மாகனில் கிடைத்த, பீப்பாய்களை ஏற்றிச் செல்லும் கப்பல் வடிவிலான கல்லறைச் சிற்பம் டிரியர் அருங்காட்சியகத்தில் உள்ளது. பீஸ்போர்ட் ஊரில் நான்காம் நூற்றாண்டின் திராட்சை பிழியும் கூடமொன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் பிற்கால நூற்றாண்டுகளில் இச்சரிவுகளை நிறைத்திருந்தது எல்ப்லிங் எனும் வெள்ளைத் திராட்சை. மிகுதியாகக் காய்ப்பது, சுவையில் எளியது, புளிப்பது. பதின்பங்கு வரி செலுத்தும் குடியானவனுக்குத் தரத்தைவிட அளவே காப்பு என்பதை மனத்திற்கொண்டால், அவன் தேர்வில் அறியாமை ஏதுமில்லை.

1787இல் டிரியரின் ஆட்சியாளராகவும் பேராயராகவும் இருந்த கிளெமென்ஸ் வென்செஸ்லாஸ் ஓர் ஆணை பிறப்பித்தார்: தாழ்ந்த வகைக் கொடிகளை ஏழாண்டுகளுக்குள் அகற்றி 'நல்ல' கொடிகளை நடவேண்டும். 'நல்ல' என்பது ரீஸ்லிங்கையே குறித்தது எனப் பின்னாளில் கொள்ளப்பட்டது. மோசெல் ரீஸ்லிங்கின் பிறப்புச் சான்றிதழ்போல் இவ்வாணையைச் சுற்றுலாக் கையேடுகள் போற்றுகின்றன. நடைமுறை அவ்வளவு எளிதன்று. புதிய கொடி காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை வருவாய் இல்லை. ரீஸ்லிங் விளைச்சலோ குறைவு. ஏழாண்டுக் கெடு முடிந்த 1794இல் பிரெஞ்சுப் படைகள் டிரியருக்குள் நுழைந்தன. பேராயரின் ஆட்சியும் முடிந்தது. பின்னர் திருச்சபைக்கும் மடங்களுக்கும் உரிய தோட்டங்கள் ஏலம் விடப்பட்டன. சிறந்த சரிவுகள் வசதி படைத்த குடும்பங்களின் கைக்கு மாறின. ரீஸ்லிங்குக்காகக் காத்திருக்கும் ஆற்றல் அவர்களுக்கு இருந்தது. எல்ப்லிங்கோ சிறு துண்டு நிலங்களில் நெடுங்காலம் நீடித்தது.

1815க்குப் பின் பிரஷ்ய ஆட்சி. 1818ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் வெளி ஒயின்கள்மீது வரி விதித்ததால் பிரஷ்யச் சந்தை மோசெலுக்குத் திறந்தது. உழவர்கள் கடன் வாங்கிப் புதிய சரிவுகளில் நட்டனர். அந்தப் பாதுகாப்பு பத்தாண்டுகளே நீடித்தது. 1828இல் ஹெஸ்ஸனோடு ஏற்பட்ட உடன்படிக்கையும் 1834இல் உருவான சுங்க ஒன்றியமும் தென்ஜெர்மானிய ஒயின்களை வரியின்றி உள்ளே விட்டன. இளஞ்சூடான நிலத்தில் விளைந்த, புளிப்புக் குறைந்த அந்த மலிவான ஒயின்களோடு மோசெல் போட்டியிட இயலவில்லை. விலை சரிந்தது, கடன் நின்றது. இந்நிலையை 'ரைனிஷே சைட்டுங்' இதழ் வெளியிட்டபோது மாகாணத் தலைவர் ஃபோன் ஷாப்பர் மறுத்தார். தம் இதழின் செய்தியாளருக்கு ஆதரவாக 1843 ஜனவரியில் மார்க்ஸ் எழுதிய தொடர் அதற்கான விடை. அதிகாரிகள் வறுமைக்குக் காரணத்தை உழவரிடமே தேடினர். வாரிசுகளுக்கிடையே நிலம் துண்டாவதைக் கட்டுப்படுத்துவது அவர்களிடம் இருந்த மருந்துகளுள் ஒன்று. மார்க்ஸ் தனிமனிதரின் நல்லெண்ணம், தீயெண்ணம் ஆகியவற்றிலிருந்து விலகி, நிர்வாகத்துக்கும் குடிகளுக்கும் இடையிலான உறவின் அமைப்பிலேயே காரணத்தைத் தேடினார். அந்த ஆண்டு வசந்தத்திலேயே இதழ் நிறுத்தப்பட்டது.

என் பார்வையில், இக்கதையில் மார்க்ஸுக்கு இணையாகக் கவனிக்கத்தக்க இன்னொரு டிரியர்க்காரர் லூட்விக் கால். ஜெர்மனியின் தொடக்ககாலச் சோசலிஸ்டுகளுள் ஒருவராக அவரைக் கருதுவர். அமெரிக்காவில் குடியேற்றம் அமைக்க முயன்று தோற்றுத் திரும்பியவர். 1850களில் அவர் முன்வைத்த தீர்வு புரட்சியன்று, சர்க்கரைக் கரைசல். பழுக்காத ஆண்டின் திராட்சைச் சாற்றில் நீர் சேர்த்தால் புளிப்பு நீர்க்கும்; சர்க்கரை சேர்த்தால் நொதித்து ஆல்கஹாலாகும். இரண்டையும் கலந்து சாற்றில் ஊற்றினால் குடிக்கவே இயலாத ஒயின் விற்கத்தக்கதாகிறது, அளவும் கூடுகிறது. பிரெஞ்சு வேதியியலர் ஷாப்டால் முன்பே பரிந்துரைத்தது உலர் சர்க்கரையை. அது அமிலத்தைக் குறைப்பதில்லை. மோசெலின் நோய் அமிலமே என்பதைக் கால் கண்டுகொண்டார். எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் கரைசல் கைகொடுத்தது. அதையே பெருந்தோட்டக்காரர்கள் கலப்படம் என்றனர்.

இங்கிருந்து மோசெல் இரண்டாகப் பிரிகிறது. 1868இல் பிரஷ்ய வரித்துறை, டிரியர் மாவட்டத் திராட்சைத் தோட்டங்களை நிலவரிக்கான நிகர வருவாயின்படி தரம்பிரித்து வண்ணமிட்ட வரைபடமொன்றை வெளியிட்டது. வரி வசூலுக்கான கணக்கு வணிகருக்குத் தரப்பட்டியல் ஆயிற்று. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் உயர்தர மோசெல் ஒயின் பெருநகர விடுதிகளில் போர்தோவின் தலைசிறந்த ஒயின்களுக்கு நிகரான விலை பெற்றது. டிரியரில் 1908இல் சங்கம் அமைத்த பெருந்தோட்ட உரிமையாளர்கள் சர்க்கரை சேராத 'இயற்கை ஒயின்' என்பதையே தம் முத்திரையாக்கினர். மோசமான ஆண்டில் பீப்பாய்களை வைத்துக் காத்திருக்க வல்லவருக்கே அந்தத் தூய்மை கைகூடும். 1892ஆம் ஆண்டின் சட்டம் சர்க்கரைக் கரைசலை அனுமதித்தது. 1909ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு எல்லை வகுத்தது. இவ்விரு சட்டங்களுக்கிடையே நடந்த வாதங்களை நான் வேதியியல் விவாதமாகப் படிப்பதில்லை. அவை நிலவுடைமை பற்றியவை.

அந்த வணிகத்தைத் தாங்கியவர்களுள் யூத வணிகர்கள் பலர். 1933க்குப் பின் அவர்கள் துரத்தப்பட்டனர். விற்பனை வலைப்பின்னல் அறுந்தது. தேங்கிய ஒயினை விற்க நாஜி ஆட்சி ஒவ்வொரு நகரையும் ஓர் ஒயின் ஊருக்குப் 'புரவலர்' ஆக்கிக் குடிக்கவைத்தது. பிற்கால ஒயின் விழாக்களின் மலர்ச்சியை எழுதுவோர் இப்பகுதியை விரைந்து தாண்டுவது வழக்கம்.

இனி இனிப்பு. ஆயிரம் லிட்டர் கொள்ளும் மரப்பீப்பாய்களில் நெடுநாள் வைக்கப்பட்ட பழைய மோசெல் பெரும்பாலும் முழுமையாக நொதித்தது. அழுகல் பூஞ்சை படர்ந்து வற்றிய கனிகளின் ஒயின் மட்டும் விலக்கு. சாதாரண ஒயினில் சர்க்கரையை எஞ்சவைத்தால் புட்டியில் மீண்டும் நொதிக்கும். நொதியை வடித்தெடுக்கும் நுண்வடிகட்டிகள் பரவிய பின்னரே நொதித்தலை இடையில் நிறுத்தி இனிப்பைத் தக்கவைப்பது எளிதாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அதுவே 'மரபு' எனப் பெயர் பெற்றது.

1971ஆம் ஆண்டின் ஒயின் சட்டம் தரத்தைச் சாற்றின் சர்க்கரை அடர்த்தியால் அளந்தது. காபினெட், ஷ்பேட்லேஸ, ஔஸ்லேஸ என்னும் படிநிலைகள் அதன்படி வகுக்கப்பட்டன. முன்பே கனிந்து சர்க்கரை சேர்க்கும் புதுக் கலப்பினங்கள் சமவெளிகளில் பெருகின. 1882இல் உருவாக்கப்பட்ட மூல்லர்-துர்கௌ அவர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது. அதே சட்டம் சிறு தோட்டப் பெயர்களைக் குறைத்து, பல ஊர்களின் நிலங்களைப் பெரும்பரப்புகளாகத் தொகுத்தது. செங்குத்துச் சரிவில் விளைந்த பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஃப்ஷனும், எதிர்க்கரைச் சமவெளி வரை பரந்த பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க்கும் வாங்குவோர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தன. 2021ஆம் ஆண்டின் திருத்தம் இத்தகைய பெரும்பரப்புப் பெயர்களுக்கு முன் 'வட்டாரம்' எனும் சொல்லைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2026 அறுவடையிலிருந்து அது நடைமுறைக்கு வருகிறது.

இன்று மோசெல் நடவுப் பரப்பில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு ரீஸ்லிங். டிரியருக்கு மேலே, கற்பலகைப் பாறை முடிந்து சுண்ணாம்புக்கல் தொடங்கும் மேல்மோசெலில் எல்ப்லிங் இன்னும் நிற்கிறது. பேராயர் பிடுங்கச் சொன்ன அந்தக் கொடியின் சாறு இப்போது நுரைக்கும் ஒயினாக அவ்வூர்களில் விலைபோகிறது.