பாம்பு பிடிப்பு விழாக்களும் விலங்கு நலமும்

பாம்பு பிடிப்பு விழா என்பது காட்டிலும் வயலிலும் வாழும் பாம்புகளைப் பெருமளவில் பிடித்து வந்து, கூட்டத்தின் முன் காட்சிப்படுத்தும் நிகழ்ச்சி. அமெரிக்காவின் கிலுகிலுப்பை விரியன் வேட்டைகளும், மகாராட்டிரத்தின் பத்தீஸ் ஷிராளா நாகபஞ்சமியும் இதற்குப் பெயர்பெற்றவை. முன்னது பாம்பின் மீதுள்ள அச்சத்தில் தொடங்கியது. பின்னது பக்தியில் வளர்ந்தது. பாம்பைப் பிடிக்காமலே வழிபடும் மரபு சுசீந்திரம், நாகர்கோவில் உள்ளிட்ட நாஞ்சில் நாட்டில் நிலைத்திருக்கிறது.

அமெரிக்க வேட்டைகள்

டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்வீட்வாட்டர் நகரில் 1958 முதல் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் இவ்வேட்டை நடக்கிறது. கால்நடைகளுக்கும் மக்களுக்கும் ஆபத்து என்பதே தொடக்கத்தில் சொல்லப்பட்ட காரணம். பொந்துகளுக்குள் பெட்ரோல் ஆவியைச் செலுத்திப் பாம்புகளை வெளியேற்றுவது இதில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் முறை. அதே பொந்துகளில் தங்கும் பிற உயிர்களையும் அந்த ஆவி தாக்குகிறது. பிடிபட்டவை எடை போடப்பட்டு, நஞ்சு எடுக்கப்பட்டு, தலை வெட்டப்பட்டுத் தோலுரிக்கப்படுகின்றன. ஊர்வனவற்றின் மூளை குறைந்த உயிர்வளியிலும் சிறிது நேரம் இயங்கக்கூடியது. ஆகவே தலையை வெட்டுவது உடனடிச் சாவாகாது என விலங்கு மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். ஜார்ஜியா மாநிலத்தின் கிளாக்ஸ்டன் நகரம் 2012இல் வேட்டையைக் கைவிட்டு, அதை வனவிலங்கு விழாவாக மாற்றிக்கொண்டது. ஊரின் வருமானமும் கொண்டாட்டமும் தொடரப் பாம்பு சாக வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

பத்தீஸ் ஷிராளா

சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் நாகபஞ்சமிக்குச் சில வாரங்களுக்கு முன்பே நல்லபாம்புகளைப் பிடித்து மண்பானைகளில் அடைத்து வைப்பது வழக்கமாக இருந்தது. விழா நாளில் அவை வீடுவீடாகப் பூசைக்குக் கொண்டு செல்லப்பட்டன; ஊர்வலமும், நீளம், படத்தின் உயரம் ஆகியவற்றுக்கான போட்டிகளும் நடந்தன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டி 2002இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இவ்வழக்கத்தைத் தடுத்தது.

பிடிபட்ட பாம்பின் துன்பம்

வித்தைக்கும் விழாவுக்கும் பிடிக்கப்படும் பாம்புகளின் நச்சுப்பல்லை உடைப்பது, வாயைத் தைப்பது, பால் குடிக்கட்டும் என்று நாள்கணக்கில் தண்ணீரின்றி வைப்பது ஆகியவை பல இடங்களில் பதிவாகியுள்ளன. பாம்பின் உணவு பால் அன்று. அது இரை தேடி வாழும் ஊனுண்ணி. தாகத்தால் பாலைக் குடிக்கும் பாம்புக்குச் செரிமானம் கெடுகிறது. மேலே தூவும் மஞ்சளும் குங்குமமும் அதன் கண்ணை உறுத்துகின்றன. பாம்பு கத்துவதில்லை, அதன் வேதனை மனிதக் காதுக்கு எட்டுவதில்லை. அதனாலேயே இக்கொடுமை கொடுமையாகத் தோன்றாமல் நெடுங்காலம் நீடித்தது.

இருளர் வழி

பாம்பைப் பிடிப்பது எல்லாமே தவறு என்று கொள்ள முடியாது. பாம்புத் தோல் வணிகத்தை நம்பியிருந்த இருளர் பழங்குடி மக்கள், வனவிலங்குச் சட்டத்தாலும் 1976இன் தோல் ஏற்றுமதித் தடையாலும் பிழைப்பை இழந்தனர். ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கம் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை அரசு அனுமதியோடு பிடிக்கிறது. சில வாரங்களில் சில முறை நஞ்சு எடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகிறது. பாம்புக்கடி மருந்து இந்த நஞ்சிலிருந்தே தயாராகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அத்தகைய சாவைத் தடுக்கும் தேவையும், பாம்பைத் திரும்ப விடும் பொறுப்பும் சேர்ந்தே இத்தொழிலுக்கு நியாயம் தருகின்றன. வேடிக்கைக்காகப் பிடிப்பதற்கு இவ்விரண்டும் இல்லை.

நாஞ்சில் நாட்டு மரபு

சுசீந்திரத்துக்கு அண்மையிலுள்ள நாகர்கோவில் நாகராஜா கோயிலில் ஆவணி ஞாயிறுகளில் பக்தர்கள் திரள்கின்றனர். பாலும் மஞ்சளும் அரசமரத்தடிக் கல் நாகர்களுக்கே சாத்தப்படுகின்றன. உயிருள்ள பாம்பு எதையும் பிடித்து வர வேண்டியதில்லை. கருவறையின் ஓலைக்கூரையும் பிரசாதமாகத் தரும் மண்ணும் பாம்பின் இருப்பிடத்தையே புனிதமாக்குகின்றன. நாஞ்சில் நாட்டை உள்ளடக்கிய தென்திருவிதாங்கூரின் சர்ப்பக்காவுகளும் அவ்வாறே பாம்புக்கென விடப்பட்ட மரச்சோலைகள். இப்படி வாழவிடப்படும் பாம்பால் வயலுக்கும் நன்மை உண்டு: 2022இல் ராம்சர் தலமாக (பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத்தைச் சூழ்ந்த வயல்களில் எலிகளைக் கட்டுப்படுத்துவதில் சாரைக்கும் நல்லபாம்புக்கும் பங்குண்டு.

இன்றைய கடமை

வனவிலங்குச் சட்டத்தின்படி நல்லபாம்பை அனுமதியின்றிப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்காமல், விலகி நின்று தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்ல வேண்டும். கடித்துவிட்டால் வாயால் உறிஞ்சுவதும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் ஆகாது. கடிபட்டவரை அசையவிடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாம்பை அஞ்சுவோரும் வணங்குவோரும் அதற்குச் செய்யக்கூடிய நன்மை ஒன்றே: அதன் இடத்தில் அதை வாழவிடுவது.