வாய்ச்சொல்லும் வழக்கும்: மஸ்ஜித் இந்தியா வட்டாரச் சிறுதொகைப் பூசல்கள்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா சாலையும் அதனை அடுத்துள்ள லெபோ அம்பாங்கும் நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழரின் கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்துவரும் இடங்களாகும். இவ்வட்டாரத்தார்க்குச் சிறுதொகைப் பூசல்களைத் தீர்க்கக் கிடைத்த வழிகளை நோக்கின், சட்டம் படிப்படியாக எளியவரை நெருங்கி வந்தமை புலனாகும். எனினும் எழுத்துச் சான்று இல்லாதவர்க்கு அது இன்றும் தொலைவிலேயே நிற்கின்றது.

லெபோ அம்பாங்கில் கிட்டங்கி அமைத்து வட்டித் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், தமக்குள் எழுந்த பிணக்குகளைப் பெரும்பாலும் சமூகப் பெரியோர் முன்னிலையில் தீர்த்துக்கொண்டனர். பிறரிடமிருந்து கடனை மீட்க நீதிமன்றத்தை நாடியபோது கடன்பத்திரமும் கணக்கேடும் அவர்களுக்குத் துணைநின்றன. கடன் பெற்றவரின் நிலை வேறு. 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டம் இச்சமனின்மையை ஓரளவு திருத்தியது. ஒப்பந்தத்தின் படி ஒன்று கடன் பெறுபவருக்கும் தரப்படல் வேண்டும். உரிமமின்றித் தொழில் நடத்துபவர் நீதிமன்றத்தின் வழி கடனை மீட்க இயலாது.

மற்றொரு வழக்கம் கூட்டு. பலர் மாதந்தோறும் பணம் செலுத்தி, முறைவைத்து மொத்தத் தொகையை எடுப்பது இதன் இயல்பு. நம்பிக்கையே இதன் முதல். நடத்துபவர் தலைமறைவானால் அம்முதல் அழியும். இதனைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டம் தடைசெய்தது. அதன் ஆங்கில வாசகத்தில் ‘கூட்டு’, ‘சீட்டு’ என்னும் தமிழ்ச் சொற்களே சட்டச் சொற்களாக இடம்பெற்றுள்ளமை குறிப்பிடத்தக்கது.

2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93ஆம் ஆணை, 5,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைத் தனிநபர் ஒருவர் வழக்கறிஞரின்றி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தாமே முன்வைக்க வழிசெய்தது. 198ஆம் எண் படிவமே அதன் வாயில். இத்தொகை, 2025இல் நடைமுறைக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியத்தின்படி ஏறத்தாழ மூன்று மாத உழைப்பாகும். ‘சிறு கோரிக்கை’ என்னும் பெயர் அத்தொகையை இழந்தவரின் அளவுகோலன்று.

கடையில் வாங்கிய பொருள், பெற்ற சேவை குறித்த பூசலுக்கு, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் உள்ளது. அதன் வரம்பு 10,000 ரிங்கிட்டிலிருந்து 2003இல் 25,000 ஆகவும், 2019இல் 50,000 ஆகவும் உயர்ந்தது. தீர்ப்பாயத்தின் முடிவைப் 14 நாளுக்குள் நிறைவேற்றாமை குற்றமாகும். நண்பருக்கோ உறவினருக்கோ கொடுத்த கைம்மாற்று இத்தீர்ப்பாயத்தின் எல்லைக்குள் அடங்காது. அதற்குரிய இடம் நீதிமன்றமே. அங்கு வென்றவர், தீர்ப்புத் தொகை செலுத்தப்படாதபோது அதனை நிறைவேற்றும் நடவடிக்கையைத் தாமே தொடங்குதல் வேண்டும்.

1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் ஒப்பந்தக் கடனுக்கு ஆறாண்டு வரையறை விதிக்கின்றது. முகதாட்சிணியத்தால் எழுதி வாங்காதவரும், கேட்கத் தயங்கிக் காலங்கடத்தியவரும் உரிமை இருந்தும் இழக்கின்றனர். வழக்கறிஞரின்றி வழக்காடும் வாய்ப்புக் கிட்டிவிட்டது. கடன் கொடுக்கும் நாளிலேயே தொகையையும் தேதியையும் எழுதிக் கையொப்பம் பெறும் வழக்கம் வேரூன்றினாலன்றி அவ்வாய்ப்பு முழுப்பயன் தாராது.