செம்பைச் சுத்தம் செய்த மின்சாரமும் ஒரு எஃகுத் தகடும்

நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பி ஏறக்குறைய 99.99 சதவீதம் சுத்தமானது. உலையில் எத்தனை முறை உருக்கினாலும் இந்தச் சுத்தம் வராது. அதற்கு மின்சாரம்தான் வேண்டும்.

வழி கண்டவர், வெள்ளி முலாம் பூசும் தொழிலில் பெயர் பெற்ற பர்மிங்காம் எல்கிங்டன் குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் எல்கிங்டன். 1865-ல் காப்புரிமை பெற்றார். 1869-ல் வேல்ஸில் உள்ள பெம்ப்ரேயில் ஆலை வந்தது. கந்தக அமிலமும் செம்பு சல்பேட்டும் கலந்த தொட்டியில் அழுக்குச் செம்புத் தகடு நேர்மின்வாய். அது கரையும், சுத்தமான செம்பு எதிரே உள்ள தகட்டில் போய்ப் படியும். அழுக்கில் கலந்திருந்த தங்கமும் வெள்ளியும் சேறாக அடியில் தங்கும். அதை விற்றும் காசு பார்க்கலாம்!

ஆனால் ஒரு தலைவலி நூறு வருடங்களுக்கு மேல் தீரவில்லை. செம்பு படிவதற்கான மெல்லிய தகடும் செம்பிலேயே செய்யப்பட்டது. அதைத் தனியாகப் படியவைத்து, உரித்து, வெட்டி, தொங்கவிட காது வைக்க வேண்டும். ஆலைக்குள் அதற்கென்றே ஒரு பிரிவு. இவ்வளவு செய்தும் தகடு வளைந்துவிடும். வளைந்தால் எதிர்த் தகட்டில் முட்டி ஷார்ட் ஆகும், மின்சாரம் வீணாகும். அதனால் தகடுகளைத் தள்ளித் தள்ளித்தான் வைக்க முடிந்தது.

செம்பின் விலை லண்டன் உலோகச் சந்தையை ஒட்டி நடப்பது. ஒரு ஆலை தன் இஷ்டத்துக்கு ஏற்றிக் கேட்க முடியாது. லாபம் வேண்டுமென்றால் செலவைத்தான் குறைக்க வேண்டும்.

1978-ல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில், மவுண்ட் ஐசா நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை அதைச் செய்தது. செம்புத் தகட்டுக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு. துத்தநாக ஆலைகளில் அலுமினியத் தகட்டில் படிந்த உலோகத்தை உரித்தெடுப்பது முன்பே வழக்கம்தான். எஃகில் செம்பு படியும், ஆனால் இறுகப் பிடிக்காது. இயந்திரம் தகட்டைச் சற்று வளைத்து உரித்துவிடும். அதே தகடு மறுபடி தொட்டிக்குப் போகும்.

எஃகு நேராக நிற்பதால் தகடுகளை நெருக்கி வைக்கலாம், மின்னோட்டத்தைக் கூட்டலாம். அதே கட்டடத்தில் கூடுதல் செம்பு கிடைக்கும். தொட்டிக்குள் முடங்கிக் கிடக்கும் சரக்கும் சீக்கிரம் காசாகும். வணிகவியலில் படிக்கும் நடைமுறை மூலதனம் இதுதான். மறுபக்கம், மெல்லிய தகடு செய்யும் பிரிவே தேவையில்லாமல் போனது. அந்த வேலைகளும்தான்.

இந்த உத்தியை அந்த நிறுவனம் பூட்டி வைக்கவில்லை. உரிமம் கொடுத்து மற்ற ஆலைகளுக்கே விற்றது. கனடாவின் கிட் கிரீக் ஆலையும் இதே போன்ற முறையை உருவாக்கிப் போட்டிக்கு வந்தது. 2003-ல் மவுண்ட் ஐசாவையும், 2006-ல் கிட் கிரீக்கை வைத்திருந்த ஃபால்கன்பிரிட்ஜையும் எக்ஸ்ட்ராட்டா வாங்க, இரண்டு போட்டியாளர்களும் ஒரே முதலாளியிடம் வந்து சேர்ந்தார்கள்!

தொட்டிக்குள் நடக்கும் வேதியியல் இன்றும் எல்கிங்டன் காலத்தது. கணக்குப் புத்தகத்தை மாற்றியது அதில் தொங்கும் தகடு.