மூன்றாவது கை

கலேவலை, தம்புள்ளைப் பக்கத்து வயல்களில் இன்னமும் மெஸி பெர்குசன் 35 ஓடுகிறது. எஞ்சினைப் பற்றிக் கேட்டால் ஊரே கூடி நின்று பேசும். பின்னால் கொளுவும் இடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மாத்தளையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த என் தகப்பனாருக்கும் அவருக்குப் பிறகு எனக்கும் சோறு போட்டது அந்த இடம்தான். ஆளைக் கொல்வதும் அதுவேதான்.

பின்சக்கரம் மண்ணைப் பிடித்துத் தள்ளும்போது ட்ராக்டரின் உடம்பு முழுவதும் அச்சைச் சுற்றிப் பின்னோக்கிச் சுழலப் பார்க்கும். சுமையை அச்சுக்குக் கீழே மாட்டியிருந்தால் ஆபத்து குறைவு: மூக்கு எழும்ப எழும்ப மாட்டிய இடம் தாழ்ந்து இழுவை தளரும். அச்சுக்கு மேலே மாட்டினால் சுமையே ட்ராக்டரைப் பின்னால் கவிழ்க்கும். முழுதாகக் கவிழ ஏறக்குறைய ஒன்றரை விநாடி போதும். கிளட்சை மிதிக்கக் கால் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முதல் உலகப் போரின்போது, 1917இல், அயர்லாந்தில் அரசாங்க ட்ராக்டர்களை மேற்பார்வை செய்ய ஹரி பெர்குசன் என்ற மெக்கானிக்கை அமர்த்தினார்கள். அன்றைய கலப்பை, பின்னால் தனியாக இழுபட்டு வரும் சாமான். அது கல்லில் மாட்டினால் ட்ராக்டர் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டுபவர் மேலேயே விழும். அதே ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்ட்சன் இதற்கே பேர்போனது. பிறகு அதன் மட்கார்டுகளைப் பின்னால் நீட்டி முட்டுக்கொடுக்கப் பார்த்தார்கள். பெர்குசன் யோசனை வேறு. கலப்பையை ட்ராக்டரின் உடம்போடு சேர்த்துவிட்டார்: கீழே இரண்டு கை, மேலே டொப் லிங்க் என்ற மூன்றாவது கை. கலப்பை கல்லில் மோதினால் மேல் கை முன்னோக்கி அழுத்தும். அந்த அழுத்தம் மூக்கைக் கீழே பிடித்துவைக்கும், சக்கரம் வழுக்கிச் சுழலும், ஆள் பிழைப்பார். 1926இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1938இல் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கி, எழுத்தே இல்லாத ஓர் ஒப்பந்தம் செய்தார். (அது பின்னால் நீதிமன்றம்வரை போனது வேறு கதை.) 1946 முதல் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் சாம்பல் நிற டீ.ஈ.20 வந்தது. 1953இல் மெஸி ஹரிஸ் கம்பனியோடு சேர்ந்த பின் பிறந்ததுதான் நம் 35.

இங்கே வந்த ட்ராக்டர் உழுதது கொஞ்ச நாள்தான். தேவஹுவ, கண்டலம, வேமடில்ல குளங்களில் தண்ணீர் திறந்தால் பெரும்போகத்துக்கு ஒரு உழவு, சிறுபோகத்துக்கு ஒரு உழவு. அறுவடை வந்தால் களத்தில் கதிரைப் பரப்பி, எருமைகள் மிதித்த இடத்தில் ட்ராக்டரைச் சுற்றச்சுற்ற ஓட்டிச் சூடு மிதிப்பார்கள். மற்ற மாதங்களில் பின்னால் பெட்டி: நெல், செங்கல், ஆற்றுமணல், முத்துமாரியம்மன் தேருக்குப் போகும் சனம். காசு பெட்டியில்தான் வந்தது. அதனால் டொப் லிங்க் கழன்று கொட்டிலின் மூலைக்குப் போனது.

பெட்டி இழுக்க, கீழ்க்கைகள் இரண்டுக்கும் குறுக்கே துளைகள் போட்ட ஒரு சட்டம் உண்டு. அந்தச் சட்டம் மேலே எழும்பாமல் பிடிக்க இரண்டு தாங்குகம்பிகளும் உண்டு. பத்து ட்ராக்டர் வந்தால் அந்தக் கம்பிகள் ஒன்றிரண்டில் இருந்தாலே பெரிய காரியம். கம்பி இல்லாதபோது, கைகளைத் தூக்கும் ஹைட்ரோலிக் நெம்பைத் தெரியாமல் தட்டினால் சட்டம் அச்சுக்கு மேலே ஏறிவிடும். ஆளைக் காப்பாற்றச் செய்த கைகளே அப்போது எதிரிப்பக்கம் சேர்ந்துகொள்கின்றன.

1970க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 1977வரை உதிரிப்பாகம் என்பது கனவு. கொளுவும் பின் தேய்ந்தால் கட்டடக் கம்பியை வெட்டி அடிக்கச் சொல்வார்கள். அது மென்மையான இரும்பு. வளைந்துகொடுக்கும், பிறகு ஒருநாள் மேட்டில் அறுந்துபோகும். பின் நழுவாமல் கீழே குத்தும் சின்ன ஊசியை ஆணியால் சமாளித்தார்கள். ரத்தோட்டைத் தோட்டத்து இறக்கங்களில் பிரேக் இல்லாத பெட்டி, கொழுந்து மூட்டைகளோடு ட்ராக்டரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். வளைவில் பெட்டி மடங்கி ட்ராக்டரைப் பக்கவாட்டில் புரட்டும். பின் அறுவது இறக்கத்தில் என்றால் பெட்டி தனிவழி போகும்.

ஒருமுறை கலேவலைக் கமக்காரர் ஒருவர், "பாஸ், சும்மா ஒரு போல்ட்டைப் போட்டு விடுங்க, அறுவடை முடியட்டும்" என்றார். "நானா, அறுவடை முடியும்வரை நீங்க இருக்கணுமே" என்றேன். சிரித்தார். பின்னை லேத்தில் கடைந்து கொடுத்தபோது காசு கூட என்று முறைத்தார். அந்த முறைப்பு எனக்குப் பழக்கம்.

என் அனுபவத்தில் சேறு இறக்கத்தைவிட மோசம். சக்கரம் புதைந்தால், பெரியசக்கரத்தில் ஒரு கட்டையைச் சங்கிலியால் கட்டி அது ஏறி வெளியே வரட்டும் என்பார்கள். கட்டை நிலத்தில் மாட்டிச் சக்கரம் சுழலாவிட்டால், எஞ்சின் தன் பலத்தையெல்லாம் உடம்பைத் திருப்பவே செலவிடும். எருமையாவது புதைந்தால் நின்றுவிடும். பின்கியரில் வெளியே எடுக்கச் சொன்னால், பின்னால் போவது அவமானம் போலப் பார்ப்பார்கள். காடு வெட்டிய காலத்தில் பாலை, முதிரைக் கட்டைகளைப் பிடுங்கும்போதும் இதே கதைதான். சங்கிலி மேலே கட்டினால் வலு கூடும் என்று ஒரு நம்பிக்கை. டொப் லிங்க் மாட்டும் காதிலேயே சங்கிலியைக் கட்டுவார்கள். அச்சுக்கு மேலே கட்டக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

சுவீடன் 1959இலேயே புதிய ட்ராக்டர்களுக்கு, கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. இங்கே பழைய 35க்குக் கூரையென்றால் வெயிலுக்கு நாலு குழாயும் ஒரு தகரமும்.

இப்போது கொழும்பிலிருந்து பழைய வண்டி சேர்ப்பவர்கள் வருகிறார்கள். டீ.ஈ.20 வாங்கிச் சாம்பல் பெயின்ட் அடித்து, குறுக்குச்சட்டம், தாங்குகம்பி, டொப் லிங்க், ஊசி எல்லாம் அசல்போலவே வேண்டும் என்று கேட்கிறார்கள், விலையும் பேசுவதில்லை. அந்த வண்டிகள் எதையும் இழுப்பதில்லை. போன மாதம் ஒருவருக்குத் தாங்குகம்பி ஒரு சோடி செய்தபோது இன்னொரு சோடியும் வெட்டி வைத்தேன். அது கலேவலை நானாவின் 35க்கு. அவர் இன்னும் எடுக்க வரவில்லை.