நூலக வரியும் நம் பங்கும்

தக்கலையை அடுத்த பத்மநாபபுரத்தில் மன்னர் வீற்றிருந்த நாளில் நம் முன்னோர் விற்கவும் வாங்கவும் பட்டனர். 1855 ஆம் ஆண்டுப் பிரகடனம் வரை திருவிதாங்கூரில் அடிமை முறை நீடித்தது. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் அவ்விற்பனைக்குச் சான்று. எழுதியவர் நாம் அல்லர். அரசின் பழஞ்சுவடிகளோ, 1956 இல் நாம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் திருவனந்தபுரத்திலேயே உள்ளன.

அவ்வோலைகளைப் பற்றிய அச்சுநூல்களை ஏழை மாணவன் தேடிப் படிக்க ஊர்ப் பொது நூலகமே உண்டு. அது எவரும் இட்ட பிச்சை அன்று. 1948 ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் வழியே, வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்துகின்றோம்; இன்று அது ரூபாய்க்கு 10 பைசா. (வரி கேட்கையில் நம் தெருவை எவரும் மறப்பதில்லை!) வசூலித்த தொகையை உள்ளாட்சி மன்றங்கள் நூலக ஆணைக்குழுவிடம் செலுத்தாது நிலுவை வைப்பது தமிழகத்தில் பல ஊர்களில் கண்டதே. அப்போது புதிய நூல் வாங்குவது நின்றுபோகும். வசதியுள்ளவன் கடையில் வாங்கிக்கொள்வான். இளைஞர்காள், வரி இரசீதோடு சென்று கணக்குக் கேளுங்கள்.