“இப்போது அதற்கு நேரமில்லை”: நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்கும் பதில்

கொஞ்சம் நீண்ட பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை, பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான 16 நாட்கள் என்று பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் செம்மஞ்சள் பட்டி அணிகிறோம். வேறொரு நாளில் சமாதானம், சகவாழ்வு என்று இன்னொரு கூட்டம் நடக்கும். முதல் கூட்டத்தில் பெண்கள் பேசுவார்கள். இரண்டாவது கூட்டத்தின் மேடையில் மதகுருமாரும் பிரமுகர்களும் இருப்பார்கள், பெண்கள் தேநீர் ஏற்பாட்டில் இருப்பார்கள். வீட்டுக்குள் நடக்கும் வன்முறை ஒரு விடயம், ஊருக்குள் நடக்கும் வன்முறை வேறு விடயம் என்று நாங்கள் பிரித்துவிட்டோம்.

கொழும்பின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இந்த இரண்டுக்காகவும் உழைத்தவர்கள் அநேகமாக ஒரே பெண்கள்தான். இரண்டிலும் அவர்களுக்குக் கிடைத்த பதிலும் ஒன்றுதான்: “இப்போது அதற்கு நேரமில்லை.”

முதலில் வாக்குரிமை. 1927இல் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கப்பட்டது. அக்னஸ் டி சில்வா, டாக்டர் மேரி ரட்ணம் போன்றவர்கள் அதன் முன்னணியில் இருந்தார்கள். டொனமூர் ஆணைக்குழுவின் முன் போய் எங்களுக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்டார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தார். 1913இலேயே யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கென்று கல்லூரி கட்டியவர் அவர். பெண் படிக்கலாம், ஆனால் தீர்மானிப்பதற்கு இன்னும் காலம் வரவில்லை என்ற எண்ணம் நல்ல மனிதர்களிடமும் இருந்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்தப் பெண்கள் காத்திருக்கவில்லை. 1931இல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது.

அடுத்த வருடமே, 1932இல், கொழும்பு வடக்குத் தொகுதி இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து வென்று அரசாங்க சபைக்குப் போனார். இலங்கைச் சட்டசபையில் அமர்ந்த முதல் தமிழ்ப் பெண் அவர். 1937இல் மேரி ரட்ணம் பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து மாநகர சபைக்குத் தெரிவானார். கனடாவில் பிறந்து, தமிழர் ஒருவரை மணந்து, இங்கேயே வாழ்ந்து மறைந்த வைத்தியர் அவர்.

நம் சமூகத்திலும் ஒருவர் இருந்தார். மலபாரிலிருந்து வந்த ஆயிஷா ரவூப். 1946இல் தொடங்கிய முஸ்லிம் மகளிர் கல்லூரியின் முதல் அதிபர். 1949இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகி, பின்னர் பிரதி மேயராகவும் இருந்தார். எழுபது வருடத்துக்கு முன் ஒரு முஸ்லிம் பெண் இந்த நகரத்தின் பிரதி மேயர். இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

இனி 1983க்கு வருவோம். ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கிய தீ, 25ஆம் திகதி வெள்ளவத்தைக்கும் வந்துவிட்டது. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடினார்கள். அன்று திங்கட்கிழமை. வேலைக்குப் போன ஆண்கள் பலர் திரும்பி வர முடியவில்லை. பல வீடுகளில், அயல் வீட்டுத் தமிழ்க் குடும்பம் வந்து தட்டியபோது கதவைத் திறப்பதா பூட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது வீட்டிலிருந்த பெண்தான். சிங்கள, முஸ்லிம், பறங்கி வீடுகள் பலவற்றில் கதவு திறந்தது. சமாதானக் குழு என்று அப்போது யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

பெயர் வைத்துச் செய்ததும் பெண்கள்தான். 1984இல் கொழும்பில் ‘சமாதானத்துக்கான பெண்கள்’ என்ற அமைப்பு உருவானது. இனப் பிரச்சினைக்கு இராணுவத் தீர்வு கூடாது, அரசியல் தீர்வு வேண்டும் என்று எல்லாச் சமூகப் பெண்களும் பகிரங்கமாகக் கையொப்பமிட்டார்கள். அப்படிச் சொன்னவரைத் துரோகி என்ற காலம் அது. அதே வருடம் யாழ்ப்பாணத்தில், கைது செய்யப்பட்ட இளைஞர்களின் தாய்மார் அன்னையர் முன்னணியாகத் திரண்டு ஊர்வலம் போனார்கள்.

அதே வருடங்களில்தான் இன்னொரு வேலையும் தொடங்கியது. 1987இல் ‘விமன் இன் நீட்’ அமைப்பு கொழும்பில் ஆரம்பமாகி, வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்குச் சட்ட உதவியும் ஆலோசனையும் தங்குமிடமும் கொடுக்கத் தொடங்கியது. 1980களின் நடுப்பகுதியில் முஸ்லிம் பெண்கள் ஆய்வு மற்றும் செயல் முன்னணி உருவானது. பைசுன் சக்கரியா போன்றோர் அதில் இருந்து காதி நீதிமன்றங்களில் நம் பெண்கள் படும் பாட்டை எடுத்துப் பேசினார்கள். நாடு எரிந்துகொண்டிருந்த நேரம். ஒருபக்கம் வடக்கு கிழக்கில் யுத்தம், மறுபக்கம் தெற்கில் ஜேவிபி கிளர்ச்சி. வீட்டுச் சண்டையைப் பேச இதுவா நேரம் என்று கேட்க எவருக்கும் காரணம் இருந்தது. அவர்கள் பேசினார்கள்.

ஏன் பேச வேண்டியிருந்தது என்பதை உலகத்துக்கு விளக்கியவரும் நம் நாட்டுத் தமிழ்ப் பெண்தான். ராதிகா குமாரசுவாமி 1994இல் பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் முதல் விசேட அறிக்கையாளராக நியமிக்கப்பட்டார். அதுவரை வீட்டுக்குள் நடப்பது குடும்ப விவகாரம் என்று அரசாங்கங்கள் ஒதுங்கி நின்றன. அதைத் தடுக்கத் தவறினால் அரசே பொறுப்பு என்று அவர் எழுதினார். 1996இல் குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரிச் சட்டகத்தையும் முன்வைத்தார். அதே அம்மையார்தான் 2015இல், பெண்களும் சமாதானமும் பற்றிய பாதுகாப்புச் சபையின் 1325ஆம் இலக்கத் தீர்மானம் எப்படி நடைமுறையாகியிருக்கிறது என்ற உலகளாவிய ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். வீட்டு வன்முறையும் யுத்தமும் அவருக்கு ஒரே பாடத்தின் இரண்டு அலகுகள்.

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வந்தது. பேச்சுவார்த்தை மேசையில் ஆண்கள். பெண்கள் அமைப்புகள் கேட்டுக் கேட்டு, பெண்கள் விவகாரத்துக்கான உப குழு ஒன்றைப் பெற்றார்கள். அரசாங்கத் தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள். அரசாங்கத் தரப்புக்குக் கலாநிதி குமாரி ஜயவர்தன, புலிகள் தரப்புக்குத் தமிழினி. அரசாங்கத் தரப்பு ஐவரில் இருவர் முஸ்லிம் பெண்கள்: பைசுன் சக்கரியா, பஸீலா ரியாஸ். முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பாக ஆசனம் வேண்டும் என்று நம் தலைவர்கள் கேட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், இந்த இரண்டு பெண்களும் கிளிநொச்சிக்குப் போய்ப் புலிகளின் பெண்களோடு ஒரே மேசையில் இருந்தார்கள். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு 13 வருடங்கள்கூட ஆகாத காலம். அது எவ்வளவு பாரமான பயணம் என்று யோசித்துப் பாருங்கள்.

2003 மார்ச்சில் கூடியவர்கள் எதைப் பேசுவதென்று ஒரு பட்டியல் போட்டார்கள். மீள்குடியேற்றம், வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம், நல்லிணக்கம். அவற்றோடு பெண்களின் தனிப்பட்ட பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. சமாதானம் என்றால் துவக்குச் சத்தம் ஓய்வது மட்டுமல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த மாதமே பேச்சுவார்த்தை முறிந்தது, குழுவும் அதோடு நின்றது.

ஆனால் வேலை நிற்கவில்லை. பெண்கள் அமைப்புகளும் சட்டத்தரணிகளும் வருடக்கணக்காக வரைந்தும் திருத்தியும் கேட்டுக்கொண்டிருந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் 34ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. அந்த முயற்சியில் உழைத்த குமுதினி சாமுவேல் கிளிநொச்சி மேசையிலும் இருந்தவர். இது குடும்பத்தை உடைக்கும், வெளிநாட்டுச் சரக்கு என்று அன்றும் சொன்னார்கள்.

இந்தச் சட்டம் பற்றி நம்மவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. காதியாரிடம் போவது திருமணம், விவாகரத்து, தாபரிப்பு போன்றவற்றுக்கு. அடி, உதை, மிரட்டல் என்றால் முஸ்லிம் பெண்ணுக்கும் நீதவான் நீதிமன்றம் திறந்துதான் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரே போகலாம், அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம், 14 நாட்களுக்குள் விசாரணை வைக்க வேண்டும், பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை நீடிக்கலாம். கட்டளை கேட்டவுடனே கணவனைச் சிறைக்கு அனுப்பும் சட்டமல்ல இது. கட்டளையை மீறினால்தான் தண்டனை. குடும்பத்தை உடைப்பது அடியே தவிர, அடிக்காதே என்ற கட்டளை அல்ல.

2007 ஜூன் 7ஆம் திகதியை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடியற்காலையில் பொலிஸார் லொட்ஜுகளுக்குள் புகுந்து, கொழும்பில் தங்கக் ‘காரணம் இல்லாத’ தமிழர் என்று 376 பேரை பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். அவர்களில் 85 பேர் பெண்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் அந்த லொட்ஜுகளில்தான் தங்குவார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உடனே உயர் நீதிமன்றம் போனது. மறுநாளே மேலும் வெளியேற்றக் கூடாது என்று இடைக்காலத் தடை கிடைத்தது, பிரதமர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். தாமதிக்காமல் சட்டத்தைக் கையில் எடுத்தால் ஒரே நாளில் என்ன நடக்கும் என்பதற்கு நம் தெருவிலேயே உள்ள சாட்சி இது.

பிறகு 2019. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் கொட்டாஞ்சேனைக்காரருக்கு வெறும் ஆலயம் அல்ல. செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் முஸ்லிம்களும்கூட மெழுகுதிரி ஏற்றப் போகும் இடம். அங்கே குண்டு வைத்தவர்கள் நம் பெயர்களை வைத்திருந்தவர்கள். அந்த வேதனையைச் சுற்றிவளைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அதன் பின் வந்த சுமையின் பெரும்பங்கு நம் பெண்களின் தலையில் விழுந்தது. ஏப்ரல் இறுதியில் முகத்தை மூடத் தடை. மே இறுதியில், அரச அலுவலகங்களில் பெண்கள் சேலைதான் உடுக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை. மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்ட பிறகே அது மாறியது. மே நடுப்பகுதியில் மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கத்திலும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன.

அந்த நேரத்தில்தான் அந்தப் பழைய பதில் நம் வாயிலிருந்தே வந்தது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணமகள் பதிவில் கையொப்பமிட வேண்டிய கட்டாயம் இல்லை. திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது இல்லை, 12க்குக் கீழ் என்றால் காதியின் அனுமதி வேண்டும் என்று மட்டுமே இருக்கிறது. ஒரு பெண் காதியாக முடியாது. இதை ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. அதிலும் அங்கத்தவர்கள் இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். பெண்கள் மறுபடி கேட்டபோது, சமூகமே தாக்கப்படும்போது இதுவா நேரம், எதிரிக்கு வாய்ப்புக் கொடுக்காதீர்கள் என்றோம்.

அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2021இல் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணியை ஞானசார தேரரின் தலைமையில் அமைத்தார்கள். முதலில் நியமிக்கப்பட்ட 13 பேரில் ஒரு பெண்ணும் இல்லை, ஒரு தமிழரும் இல்லை. நம் பெண்களின் கஷ்டத்தை நம்மை அடிக்கும் பொல்லாக எடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பொல்லை அவர்கள் கையில் கொடுத்தது யார்? நாமே திருத்தாமல் விட்டுவைத்ததைத்தானே அவர்கள் எடுத்தார்கள். பேசிய பெண்கள் கொடுக்கவில்லை, தள்ளிப்போட்ட நாம் கொடுத்தோம்.

மார்க்கத்தில் இதற்கு முன்மாதிரி இல்லையா? ஹுதைபிய்யா உடன்படிக்கை நாளில் தோழர்கள் மனம் உடைந்து அசையாமல் நின்றபோது, நபி (ஸல்) அவர்கள் கூடாரத்துக்குள் போய்க் கேட்டது உம்மு ஸலமா (ரழி) அவர்களின் ஆலோசனையை. அதன்படி நடந்தார்கள், நெருக்கடி தீர்ந்தது. கவ்லா (ரழி) என்ற பெண் தன் கணவன் செய்த அநியாயத்தை நபியவர்களிடமே வாதாடினார். அவருக்காக இறங்கிய அத்தியாயத்துக்கு ‘தர்க்கம் செய்பவள்’ என்றே பெயர். ஒன்று சமாதான உடன்படிக்கை, மற்றது வீட்டு விவகாரம். இரண்டிலும் பெண்ணின் குரல் கேட்கப்பட்டது. நேரமில்லை என்று எவரும் திருப்பி அனுப்பவில்லை.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, துணைவருடன் வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர், அதாவது ஐந்தில் ஒருவர், தம் வாழ்நாளில் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். வெட்கம், பழி வரும் என்ற பயம், நம்ப மாட்டார்கள் என்ற எண்ணம் காரணமாகப் பலர் உதவி தேடியதில்லை. ஐந்தில் ஒருவர் என்றால், நம் வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளில் பலர் அதைப் பார்த்து வளர்கிறார்கள். வீட்டில் பலமுள்ளவன் அடிக்கலாம் என்று கற்ற பிள்ளை, தெருவில் எண்ணிக்கை கூடியவன் அடிக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்ள அதிக நாள் எடுக்காது.

ஆகவே மூன்று வேண்டுகோள். பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் கோயில், தேவாலயக் குழுக்களும் அடுத்த சகவாழ்வுக் கூட்டத்துக்குப் பெண்களைப் பேச்சாளர்களாக அழையுங்கள். குடும்பப் பிணக்கைத் தீர்க்க உட்காரும் ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்கட்டும். ஒரு பெண் உங்களிடம் வந்து சொன்னால், பொறுமையாக இரு என்று திருப்பி அனுப்புவதற்கு முன் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தைக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு 1929.

உள்ளூராட்சியில் 25 வீதம் பெண்களுக்கு என்ற சட்டம் வந்த பின், கொழும்பு இரண்டு பெண் மேயர்களைக் கண்டுவிட்டது. 2018இல் ரோசி சேனாநாயக்க, 2025இல் வ்ராய் கெலி பல்தசார். நம் பள்ளிவாசல்களின், கோயில்களின், சங்கங்களின் கதிரைகளில் இன்னும் எத்தனை காலம் நேரம் வராமல் இருக்கும்?

உங்கள் கருத்தை எழுதுங்கள். உடன்படாதவர்களும் எழுதுங்கள், மரியாதையாகப் பேசுவோம். உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். வல்ல அல்லாஹ் நம் வீடுகளையும் நம் ஊர்களையும் அமைதியாக்கி வைப்பானாக.