பாதை கடந்த எழுத்து

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் நாங்கள் துறையைப் பாதையில் கடந்தோம். வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் பாதை என்றால் வீதி அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வரும் மிதவை. மூதூர்க்காரருக்கோ கொட்டியாரக் குடாவைக் கடக்க லோஞ்ச். கதையோ கவிதையோ எழுதியவரின் கடித உறையும் பெரும்பாலும் இப்படித்தான் நகரம் போய், அங்கிருந்து ரயிலேறிக் கொழும்பு போனது. எழுத்தை ஏற்கும் இடம் எப்போதும் அக்கரையில்தான் இருந்தது. திருகோணமலை மாவட்டத்து எழுத்தின் வரலாற்றை இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பல விடயங்கள் விளங்கும்.

முதலில் அக்கரைக்கே போகாத எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சு வந்துசேர முன்னரும், வந்த பின்னர் நெடுங்காலமும், கரையோர முஸ்லிம் கிராமங்களின் இலக்கியம் ஓதப்பட்டது, பாடப்பட்டது. முனாஜாத்து, மாலை, நாமா, கிஸ்ஸா, மசலா என்று எத்தனையோ வடிவங்கள். வயலில் கவி, கல்யாண வீட்டில் பொல்லடி, பெருநாள் இரவில் றபான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அரபுத் தமிழில் ஆக்கிய நூல்கள் இலங்கைக் கரைகளிலும் ஓதப்பட்டன. இந்த உலகத்தில் புலவனைத் தாங்கிய நிறுவனங்கள் பள்ளிவாசலும் ஓதப்பள்ளிக்கூடமும் வசதியுள்ளவர்களின் திண்ணையும்தான். கேட்பவர் கண்முன்னே இருந்தார். பிடித்தால் இன்னொரு முறை பாடச் சொல்வார். பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார். பத்திராதிபர் என்று ஒருவர் இடையில் இல்லை.

அச்சு வந்தபோது இந்த ஏற்பாடு கலைந்தது. கண்டியில் வழக்கறிஞராக இருந்த சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ நாவலை வெளியிட்டார். சமூகத்துக்குச் சொல்ல விரும்பியதைப் பிரசங்கமாகவும் பாட்டாகவும் மட்டுமன்றி, பத்திரிகையாகவும் உரைநடைக் கதையாகவும் சொல்லலாம் என்று கண்டுகொண்டவர் அவர். பத்தாண்டு கழித்து, 1895இல், திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை ‘மோகனாங்கி’யை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அது குறிப்பிடப்படுகின்றது. ஆனால் அது வெளிவந்தது திருகோணமலையில் அல்ல, சென்னையில். சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் படித்து, அங்கே கீழைத்தேயச் சுவடிகள் நூலகத்தில் பணியாற்றியவர். ஓலைச்சுவடிகளைக் காப்பது அவர் உத்தியோகம். எழுதியதோ நாவல் என்னும் புத்தம் புதிய வடிவம். மதுரைச் சொக்கநாத நாயக்கரின் கதையை அவர் தேர்ந்ததில் அந்தச் சுவடி அறைக்கும் பங்கு இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். இந்நாவல் பின்னர் சுருக்கப்பட்டு வேறு பெயரிலும் வெளிவந்தது. முழு நூலின் பிரதியைக் காண்பது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. முதன்மை பேசப்படும் நூல்களுக்கு இந்தக் கதி நம்மவரிடையே புதிதல்ல.

இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு தெரிகின்றது. சித்திலெப்பை தமக்கு வேண்டிய நிறுவனத்தைத் தாமே கட்டினார்: பத்திரிகையும் பாடசாலையும் அவர் முயற்சிகள். சரவணமுத்துப்பிள்ளை இருந்த நிறுவனத்துக்குள் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பின்வந்த திருகோணமலைப் படைப்பாளிகளுள் பெரும்பாலோர் இரண்டாமவரின் வழியையே பின்பற்றினர். துறைமுகம் உலகப் பெயர் பெற்றது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தேடிவந்து குண்டு போடும் அளவுக்குப் பெரிய கடற்படைத் தளம். 1957இல்தான் பிரித்தானியர் அதனைக் கையளித்துவிட்டுப் போனார்கள். துறைமுகம் எத்தனையோ பேருக்குத் தொழில் கொடுத்தது. எழுத்தாளனுக்கு அது கொடுத்ததாகச் சொல்ல அதிகம் இல்லை.

அவனுக்குச் சோறு போட்டது பாடசாலை. மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தை (1925–2001) எடுத்துக்கொள்ளலாம். தொழிலால் ஆசிரியர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, முஸ்லிம்களும் தமிழரும் கலந்து வாழும் ஊரில் வளர்ந்தவர். ஓய்வு நேரமே அவருடைய எழுத்து நேரம். அவருக்குக் கிடைத்த ஊடகம் பத்திரிகை. குறிப்பாக, 1930இல் தொடங்கி 1958வரை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ‘ஈழகேசரி’. அவருடைய ‘கொழுகொம்பு’ நாவல் அதில்தான் தொடராக வந்தது. தொடர்கதை என்பது ஒரு தனித் தொழில்நுட்பம். வாரம் ஒரு பகுதி. ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் வாசகனின் சட்டையைப் பிடித்து நிறுத்தவேண்டும். அடுத்த வாரம் அவன் மறந்துபோனதை அவனறியாமல் நினைவூட்டவும் வேண்டும். கிஸ்ஸாப் படித்தவர்களுக்கும் கூத்தாடியவர்களுக்கும் இந்த வித்தை தெரியும். விடிய விடிய நடக்கும் கூத்தில் தூங்குகிறவனை எழுப்பத் தெரியாதவன் அண்ணாவியாக முடியாது. இராசரத்தினம் அதைக் கடதாசிக்குக் கொண்டுபோனார்.

கடலோடும் குடும்பத்துப் பையன் ஒருவனின் தோணி ஆசையைச் சொல்லும் ‘தோணி’ கதையின் பெயரைத் தாங்கிய அவருடைய சிறுகதைத் தொகுதிக்கு 1962இல் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. அரசு நிறுவனமொன்று கொட்டியாரக் குடாவின் பேச்சையும் உப்பையும் இலக்கியமென ஏற்றுக்கொண்டதை அந்தப் பரிசின் முக்கியத்துவமாக நான் கருதுகிறேன். அதன் பின்னர் எங்கள் பக்கத்து இளைஞர்களுக்குத் தங்கள் ஊர்ப் பேச்சை எழுத வெட்கம் குறைந்தது. மூதூரின் எம். எஸ். அமானுல்லா ‘வரால் மீன்கள்’ போன்ற கதைகளை எழுத வந்தபோது பாதி வழி ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது.

இதற்கு நேர் எதிரான வழியில் போனவர் தருமு சிவராமு என்னும் பிரமிள். 1939இல் திருகோணமலையில் பிறந்தவர். உத்தியோகம், பரிசு, பாடநூல் எதையும் அவர் நாடவில்லை. 1959இல் சி. சு. செல்லப்பா சென்னையில் ‘எழுத்து’ சஞ்சிகையைத் தொடங்கியபோது, வெகுசனப் பத்திரிகை தொடாத புதுக்கவிதைக்கு அங்கே இடம் இருந்தது. இருபதைத் தாண்டிய வயதில் சிவராமு திருகோணமலையிலிருந்தே அதற்கு எழுதினார். 1970களின் தொடக்கத்தில் தமிழகம் போனவர் 1997இல் அங்கேயே காலமானார். சில நூறு பேர் மட்டுமே படிக்கும் சஞ்சிகைக்கு எழுதுகிறவனின் வரி வேறு விதமாக அமைகின்றது. உரக்கச் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் முறை வாசிக்கப்படும் என்ற நம்பிக்கை அவனுக்கு உண்டு. அந்த நம்பிக்கைக்கு அவர் கொடுத்த விலை வறுமை. அதை இலட்சியம் என்று கொண்டாடுவோர் உண்டு. எனக்கு அதில் அத்தனை மகிழ்ச்சி இல்லை.

நம்மவர்க்கு வானொலி இன்னொரு துறையைத் திறந்தது. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவைக்குக் கவிதையும் நாடகமும் சித்திரமும் எழுதிப் பழகியவர்கள் கிழக்கில் ஏராளம். இதைப் புதிய ஊடகம் என்பார்கள். உண்மையில் முனாஜாத்துப் பாடிய சமூகத்துக்கு அச்சுதான் அந்நியம். வானொலி பழைய உறவு. மரபுக் கவிதை கிழக்கில் அவ்வளவு காலம் நின்றுபிடித்ததற்கு யாப்புப் பற்று மட்டும் காரணமல்ல. ஒலிபரப்பில் எடுபட்டது அதுதான். கிண்ணியாவின் கவிஞர் அண்ணலின் தலைமுறை ஓசைக்குக் கொடுத்த மதிப்பை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். ‘மாதர் மஜ்லிஸ்’ நிகழ்ச்சி, பத்திரிகைக்கு எழுதத் துணியாத பெண்களையும் எழுத வைத்தது. முகம் காட்டாமல் குரல் போகலாம். அல்லது குரலும் போகாமல் பிரதி மட்டும் போகலாம். ஆனால் பிரதி போகவேண்டிய இடம் மறுபடியும் கொழும்புதான். 1980களில் ஜேர்மன் வானொலியின் அஞ்சல் நிலையம் திருகோணமலைக்கு அண்மையில் நிறுவப்பட்டு, ஜேர்மனியின் குரல் எங்கள் கரையிலிருந்து ஆசியா முழுவதும் போனது. எங்கள் குரலோ பஸ்ஸில் கொழும்பு போய்க்கொண்டிருந்தது.

1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு வந்த கட்டுப்பாடு உள்ளூர் எழுத்துக்கு ஒரு திடீர்ச் சந்தையைக் கொடுத்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் அக்காலத்தில்தான் வந்தன. 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’ முஸ்லிம் எழுத்தாளர்களுக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது. அச்சகச் செலவுக்கு வழியில்லாதவர்கள் றோனியோவில் சஞ்சிகை அடித்தார்கள். விரலில் மை, தாளில் பாதி எழுத்து. அவற்றில் பெரும்பாலானவை மூன்றாம் இதழைக் காணவில்லை. திருகோணமலை நகரில் நாடகக்காரரான த. சித்தி அமரசிங்கம் ‘ஈழத்து இலக்கியச் சோலை’ என்ற பெயரில் தாமே நூல்களை வெளியிட்டார். மேடைக்காரர் பதிப்பாளராகியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மேடை போட முடியாத காலம் வந்துவிட்டது.

யுத்தத்தைப் பற்றி விரித்து எழுதப்போவதில்லை. 2004 டிசம்பர் 26இல் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் வீட்டுக்குள் வந்தது. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த துணியோடு கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். அப்படி ஓடுகிறவர்கள் எடுத்துச் செல்லும் பொருள்களில் கொப்பிகள் இருப்பதில்லை. கொழும்பிலோ சென்னையிலோ அச்சானது தப்பியது. அலுமாரியில் கிடந்தது போயிற்று. அக்கரைக்குப் போகாத எழுத்தின் தலைவிதி கடைசியில் இப்படித்தான் தீர்மானிக்கப்பட்டது.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளையும் நூல்களையும் மின்வடிவில் ஏற்றத் தொடங்கியபோது, எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பின்னர் ஒரு நாள், நான் இளம்வயதில் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் தொலைத்த ஓர் இதழை அதில் கண்டேன். 2007இல் திருகோணமலையிலிருந்து ‘நீங்களும் எழுதலாம்’ என்ற கவிதை இதழ் வரத் தொடங்கியபோது, அதன் பெயரே எனக்கு ஒரு செய்தியாகப் பட்டது. இப்போது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் கவிதை எழுதி அங்கேயே வெளியிடுகிறார்கள். அக்கரை இல்லை, பத்திராதிபரும் இல்லை. பிடிக்காவிட்டால் எழுந்து போகும் பழைய திண்ணைக் கேட்பவர் திரும்பி வந்துவிட்டார் என்றும் சொல்லலாம்.

எங்கள் வீட்டில் மூத்தம்மாவின் கிதாபு ஒன்று மிஞ்சியிருக்கின்றது. அட்டை இல்லை, முன்பக்கங்கள் இல்லை. ஆகவே பெயரும் இல்லை. அரபு எழுத்து, தமிழ்ப் பேச்சு. மூத்தம்மா தமிழ் எழுத்தில் கையொப்பமிடத் தெரியாதவர். ஆனால் இதை மஃரிபுக்குப் பிறகு இராகத்தோடு ஓதுவார். நான் பல்கலைக்கழகம் போனவன். என்னால் ஒரு வரியைத் தட்டுத்தடுமாறித்தான் கூட்ட முடிகிறது. சென்ற வருடம் என் மகள் அதன் பக்கங்களைத் தொலைபேசியில் படமெடுத்தாள். எழுபத்தொரு படங்கள். “வாப்பா, இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டாள். ஊரில் அதை முழுதாக வாசிக்கத் தெரிந்தவர் ஒரேயொருவர் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் தெரியும் என்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார்.